ஐந்தாவது துளை

ஏணி என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். ஆள் நெட்டை. அது போதாதென்று பதினெட்டு வருஷமாகத் தோளில் ஓர் ஏணியைச் சுமந்துகொண்டு திரிகிறான். வீடு வீடாக இன்டர்நெட் வயர் இழுப்பதும், அது படுத்துக்கொண்டால் போய் எழுப்பிவிடுவதும்தான் பிழைப்பு. கம்பெனிச் சட்டையில் அவன் பெயரைத் தைத்துத்தான் இருக்கிறார்கள். யார் படித்தார்கள்? அவன் பெண்டாட்டியே கோபம் வந்தால், "ஏணி சாருக்கு இன்னொரு கரண்டி வேணுமா?" என்றுதான் கேட்பாள்.

கெட்டவன் இல்லை. கெட்டவன் என்று யார் வந்து எத்தனை தடவை சொன்னாலும் ஒப்புக்கொள்வதற்கில்லை. செய்தது தப்பு, அது வேறு பேச்சு. வேலையில் கெட்டிக்காரன். வீட்டுக்குள் நுழைந்ததும் ரூட்டரில் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு பார்வை. அப்புறம் வயர் மேலேயே கையைத் தடவிக்கொண்டு போவான். அலமாரிக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மடிந்திருக்கிறதா என்று விரலே அவனுக்குச் சொல்லிவிடும். அந்த வயருக்குள் ஓடுவது கரண்ட் இல்லை, வெளிச்சம். ரொம்ப மடக்கினால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும். முனையில் தூசி என்றால் துடைப்பான். அதற்கும் மசியவில்லையென்றால் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து, இந்த முனையில் சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சி, அந்த முனையில் வருகிறதா என்று பார்ப்பான். பாதி வியாதிக்கு மருந்து, ரூட்டரை அணைத்துத் திரும்பப் போடுவதுதான். வந்த உடனே அதைச் செய்தால் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்று, கொஞ்ச நேரம் வயரை முறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அணைத்துப் போடுவான்.

அவனிடம் இருந்த ஒரே கோளாறு, சத்தம் போடுகிறவர்களைக் கண்டால் உதறல் எடுத்துவிடும். அவ்வளவு உயரம், அவ்வளவு பெரிய கை. ஆனாலும் ஒரு ஆள் குரலை உயர்த்தினால் குழந்தை மாதிரி ஆகிவிடுவான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எட்டு வீடுகள் உள்ள கட்டிடம், தரைத்தளத்தையும் சேர்த்து நாலு தளம். முதல் மாடிப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் சுவரோடு ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் வரிசையாக எட்டுத் துளைகள், வீட்டுக்கு ஒன்று. தெருவிலிருந்து வருகிற ஒரு தடித்த வயரை அந்தப் பெட்டிதான் எட்டாகப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. தரைத்தளத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவருக்கு லைன் போய்விட்டது. ஏணி பார்த்தான். அவருடைய வயர் சரி, ரூட்டர் சரி, பெட்டியில் அவருடைய துளைதான் உள்ளுக்குள் செத்துப்போயிருந்தது. புதுப் பெட்டி மாட்டினால்தான் உண்டு.

"சார், உங்க துளை செத்துப்போச்சு. பெட்டியே மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்."

"செத்துப்போச்சுன்னா நான் உக்காந்து அழணுமா?" என்றார் அவர். நாள் முழுக்க வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. "பன்னெண்டு மணிக்குப் பத்துப் பேர் பரீட்சை எழுத வர்றாங்க. அதுக்குள்ள லைன் வரலன்னா உங்க மேலிடத்துல நான் பேசிக்கிறேன். உன் பேரு என்ன? சட்டையைக் காட்டு."

"பண்ணிடலாம் சார்."

"பண்ணிடலாமா, பண்ணிடறேனா?"

"பண்ணிடறேன் சார்."

இப்படி மாட்டிக்கொள்கிறபோது லைன்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. மாத்திக் குத்துவது என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வேறொரு வீட்டு வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் சத்தம் போடுகிறவருடைய வயரைக் குத்திவிடுவது. பிடுங்கப்பட்ட வீட்டுக்காரர்கள் புகார் எழுதுவதற்குள் புதுப் பெட்டி வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கம்பெனி இதைக் கண்டுபிடித்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடும். இருந்தாலும் எல்லோரும் செய்கிறார்கள்.

ஏணி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தான். இரண்டாம் நம்பர், அந்த அம்மா வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும். மூன்றாம் நம்பர், அவர் எழுதுகிற புகாரை இரண்டு பக்கம் படிக்க வேண்டும். நான்கு, வேண்டவே வேண்டாம். ஐந்தாம் நம்பர் வந்ததும் மனசு நின்றது. இரண்டாம் மாடி. ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் இருக்கிற வீடு. மகனுக்கு வெளியூர்த் தொழிற்சாலையில் வேலை, விடுமுறை நாளில்தான் வருவான். பெரியவர் எப்போது போனாலும், "உக்காருங்க தம்பி, முதல்ல மூச்சு வாங்குங்க" என்பார். மருமகளும் அப்படித்தான், கைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. ரொம்ப நல்லவர்கள். இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது வயரைப் பிடுங்கினான். டிரைவிங் ஸ்கூல்காரரின் வயரைக் குத்தினான். வேலை முடிந்ததென்றால் பெட்டியைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அதில் தேதியும் மணியும் தானாக விழும். நெருக்கத்தில் பிடித்தால் எட்டுத் துளையில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. அதையும் எடுத்து அனுப்பிவிட்டு இறங்கிப் போனான்.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன பெட்டி வரவில்லை. ஸ்டோரில் கேட்டால், "வந்துக்கிட்டே இருக்குண்ணா," என்றார்கள். எங்கிருந்து, நடந்தா வருகிறது? வியாழக்கிழமை ஐந்தாம் நம்பரிலிருந்து புகார் வந்தது. போய் என்ன சொல்வது என்று தெரியாமல், 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதி அதை முடித்தான். படியேறக்கூட இல்லை. இன்னும் ஒரு நாள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது புகார். இந்தத் தடவை போகாமல் தப்பிக்க முடியாது.

கதவைத் திறந்தது மருமகள். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிந்து வைத்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை அவளுக்கு, இத்தனை நாள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க வருவீங்கன்னு அரை நாள் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன். போன தடவை வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டீங்க. இந்த வீடு எப்பண்ணா பூட்டியிருக்கு? மாமா இங்கயேதான இருக்கார்."

"பெல் கேக்கலையோ என்னவோம்மா," என்றான் ஏணி.

வாய் தவறி வந்ததுதான். ஆனால் அவள் உடனே திரும்பி மாமனாரைப் பார்த்தாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அடிச்சாரா? எனக்குக் கேக்கலையேம்மா," என்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏணிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இவனும் வயரைத் தடவினான், முனையைத் துடைத்தான், அணைத்துப் போட்டான். உயிர் போன உடம்பில் நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. நோய் எங்கே என்று தெரிந்துகொண்டே அத்தனையும் செய்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்," என்றார் பெரியவர். "இந்த ரூட்டரை ஈரத்துணியால துடைச்சா தண்ணி உள்ள போயிருக்குமா?"

"அன்னைக்குக் காலையில துடைச்சிருக்கார்ண்ணா. மத்தியானம் நான் வேலைக்கு உக்காந்தா லைன் இல்ல," என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். "தூசி இருந்துச்சாம்."

"நல்லாப் பிழிஞ்சுட்டுதாம்மா துடைச்சேன். துடைச்சதுக்கு அப்புறம்கூட ஓடுச்சு, நான் நெட்ல சதுரங்கம் ஆடினேனே."

"அது முந்தின நாள் மாமா."

"அப்படியா," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இருக்கும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததும் உண்மைதான். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "காயட்டும். ரெண்டு நாள் காயட்டும், பார்க்கலாம்."

பெரியவர் தலையை ஆட்டினார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் வரை வந்த மருமகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன மாசம் அடுப்பை அணைக்காம விட்டுட்டார். இப்ப இது. நான் வீட்ல இருந்தே வேலை பாத்தவரைக்கும் அவர் மேல ஒரு கண்ணு இருந்துச்சு. லைன் இல்லாததால தினம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போறேன். தனியா விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் வண்டி வச்சு மாமாவை அவர் பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். அங்கயே இருக்கட்டும்னு பேசியாச்சு. அவருக்குப் போக மனசில்லை. ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல என்ன இருக்கு, நான்தானே கெடுத்தேன்னு உக்காந்திருக்கார்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஏணி ஒரே கவளத்தை மென்றுகொண்டே இருந்தான். அவன் பெண்டாட்டி ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறவள். மடிப்புக்குள் எங்கே கறை ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண்.

"என்ன, திருடன் மாதிரி மென்னுக்கிட்டிருக்கீங்க? சொல்லிடுங்க."

சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அந்த டிரைவிங் ஸ்கூல் ஆளு சத்தம் போட்டான், அவனுக்குக் குடுத்தீங்க. இவங்க மரியாதையா இருந்தாங்க, இவங்ககிட்ட எடுத்தீங்க. வாயைத் திறக்கிறவனைக் கண்டா உங்களுக்குப் பயம், திறக்காதவனைக் கண்டா இளக்காரம். அவ்வளவுதான?"

"வேலை போயிடும்டி."

"போகும்," என்றாள். "போகாதுன்னு நான் சொல்லலையே." எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில்தான் பெட்டி வந்தது. ஏணி அதை மாட்டி, எட்டு வயரையும் அதனதன் துளையில் குத்தினான். ஐந்தாவதைக் குத்தியதும் இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டான். வேண்டுமானால் அப்படியே போயிருக்கலாம். மேலே விளக்கு தானாகப் பச்சையாகியிருக்கும். ஆனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. படியேறினான்.

கூடத்தில் ஒரு துணிப்பெட்டி பாதி அடுக்கியபடி திறந்திருந்தது. மடித்த சட்டைகள், கண்ணாடிக் கூடு, ஒரு ஜோடி செருப்பு காகிதத்தில் சுற்றியபடி. பெரியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சுண்ணா, பச்சை எரியுது," என்றாள் மருமகள்.

"காஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

அந்தக் கேள்வி போய் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. "இல்லைங்கய்யா. இங்க ஒண்ணும் ஆகல. கோளாறு படிக்கட்டுப் பெட்டியில."

மருமகள் லேசாகச் சிரித்தாள். கிட்டத்தில் வந்து மெதுவாக, "மாமா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. புரியுதுண்ணா. உங்களுக்கு நல்ல மனசு," என்றாள்.

பெரியவருக்கும் அது கேட்டது. காது அவருக்கு நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "சொன்னாலும் சொல்லாட்டியும் ஆனது ஆனதுதானே," என்றார்.

பாதி உண்மையைச் சொன்னால் இதுதான் கதி. சொன்னவனுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது, பழி இருந்த இடத்திலேயே இருந்தது. ஏணி தோளில் இருந்த ஏணியைச் சுவரில் சாத்தினான்.

"நான் நல்ல மனசுக்காரன் இல்லம்மா. உங்க வயரைப் பிடுங்கினது நான்தான். கீழ்வீட்டு டிரைவிங் ஸ்கூலுக்குக் குடுத்தேன். அவர் துளை கெட்டுப்போயிருந்துச்சு. பெட்டி வரட்டும், ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிடலாம்னு நினைச்சேன். வரல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிவிட்டது. "எட்டு வீடு இருக்கே. ஏன் எங்களுது?"

"நீங்க சத்தம் போட மாட்டீங்கன்னு."

"தண்ணி குடுத்து உக்கார வச்சதுக்கா?"

ஏணி ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்ப வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதினது?"

"அதுவும் பொய்தாம்மா. நான் மேலயே வரல. பெல்லும் அடிக்கல."

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "எத்தனை மணிக்குப் பிடுங்கினீங்க?"

"செவ்வாய்க்கிழமைங்கய்யா. காலையில."

"கிழமை எனக்குத் தெரியும். மணி எத்தனை?"

முப்பத்துநாலு வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர் அவர். எந்த வண்டி எந்த நிமிஷம் புறப்பட்டது என்று எழுதி எழுதித் தேய்ந்த கை. ஏணி போனை எடுத்து, அன்றைக்கு அனுப்பிய படத்தைத் தேடிக் காட்டினான். கீழே மணி விழுந்திருந்தது. பத்து ஐம்பத்திரண்டு.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"நான் துடைச்சது எட்டு மணிக்கு," என்றார். "பத்தேகாலுக்கு ஆட ஆரம்பிச்சேன். குதிரையை நகர்த்திட்டு அவன் என்ன ஆடறான்னு பாத்துக்கிட்டிருந்தேன், அப்படியே நின்னுபோச்சு. பதினொண்ணுக்கு எட்டு நிமிஷம் இருந்துச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன்." மருமகளிடம் திரும்பினார். "நான் சொன்னேனேம்மா. அன்னைக்கே சொன்னேன்."

அவள் குனிந்து அந்தப் படத்தில் இருந்த மணியைப் பார்த்தாள்.

"நீ முந்தின நாள்னு சொன்ன. உன்னைக் குத்தம் சொல்லல. எனக்கே தெரிஞ்ச ஒண்ணை, நீ சொன்னதும் நானே இல்லைன்னு விட்டுட்டேனே, அதுதான்." அப்புறம் ஏணியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "வயரைப் பிடுங்கினதுகூடப் போகட்டும் தம்பி. காயட்டும்னு சொன்னீங்க பாருங்க. அன்னையிலேர்ந்து ஒரு டம்ளர் எடுக்கிறதுன்னாகூட ரெண்டு கையால எடுக்கறேன். அடுப்புப் பக்கமே போகல. சுவிட்சு போட மருமகளைக் கூப்பிடறேன். என் கை மேல எனக்கே பயம் வந்துடுச்சு."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலைங்கய்யா."

"கேக்காதீங்க. இப்ப குடுக்கற மாதிரி நான் இல்லை."

சரியாகத்தான் சொன்னார். எல்லாம் உடனுக்குடன் சரியாகிவிட வேண்டுமா என்ன?

புகாரை முடிக்க வேண்டும். போனில் காரணங்கள் வரிசையாக இருந்தன: ரூட்டர் பழுது, வயர் பழுது, வெளிப்பெட்டி பழுது, வீடு பூட்டியிருந்தது. இவன் செய்ததற்கு அந்த வரிசையில் இடமில்லை. 'மற்றவை' என்று ஒன்று கடைசியில் இருந்தது. அதைத் தொட்டு எழுத ஆரம்பித்தான்.

"படிங்க," என்றார் பெரியவர்.

"'போன வாரம் செவ்வாய் பத்து ஐம்பத்திரண்டுக்கு ஐந்தாவது துளையை நான் வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். வீட்டில் எந்தப் பழுதும் இல்லை.'"

"கடைசியில இருக்கறதை முதல்ல எழுதுங்க."

அழித்துவிட்டு மாற்றி எழுதினான். வீட்டில் எந்தப் பழுதும் இல்லை, வீட்டில் இருப்பவர்கள் யாரும் எதையும் கெடுக்கவில்லை என்று முதலில் போட்டான். லைன் சரியானதை வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வதற்காக மருமகளின் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதை இவன் போனில் போட வேண்டும். அவள் படித்தாள். இவன் பதற்றத்தில் மூன்று இலக்கத்துக்குமேல் மறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் திரும்பப் போனைத் திறப்பதற்குள் பெரியவர் ஆறையும் சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொன்னார், பெருமைக்காக இல்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கணவனுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வண்டி வேண்டாம்," என்றாள். "நீங்க வாங்க, வந்ததும் சொல்றேன். இல்ல, அவருக்கு ஒண்ணும் இல்ல. தப்பு என் மேல." பேசி முடித்துவிட்டுப் பெட்டியின் முன்னால் குனிந்து சட்டைகளை வெளியே எடுக்கப்போனாள்.

"இரும்மா. நானே எடுத்து வைக்கறேன். எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

ஏணி சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தான். பாரம் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. டம்ளரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷர் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. போகவும் கூடாது.

புதுப் பெட்டி இருந்த படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்தபோது போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"என்னய்யா எழுதி வச்சிருக்க? புத்தி கெட்டுப்போச்சா? இதை மேல பார்த்தாங்கன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. தப்பா அழுத்திட்டேன்னு சொல்லு, வெளிப்பெட்டி பழுதுன்னு நான் மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

மேலே கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம் சார்," என்றான் ஏணி. "தப்பா அழுத்தல. அப்படியே இருக்கட்டும்."

"யோவ், பிள்ளை குட்டிக்காரன் நீ."

"தெரியும் சார். திங்கக்கிழமை ஆபீசுக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, ஏணியைச் சுவரில் இடிக்காமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.